காரியஸ்தர் போதுமா?

2025ஆம் வருஷத்துக் கோடையில் ஒரு நாள், போளூரிலிருந்து ஜமுனாமரத்தூருக்குப் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். கூட வந்தவர் என் நெடுநாளைய நண்பர். சர்க்கார் உத்தியோகத்தில் பெரிய பதவி வரைக்கும் போய் ஓய்வு பெற்றவர். நேர்மையானவர். அவருடைய நேர்மையை நான் சந்தேகிப்பதாக இந்தக் கட்டுரையைப் படிக்கும் யாரும் நினைத்துவிடக் கூடாது. அவருடைய அபிப்பிராயத்தோடுதான் எனக்குச் சண்டை.

மலை ஏற ஏறக் காற்று குளிர்ந்தது. கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் முனகிக்கொண்டே திரும்பியது. நண்பர் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"இந்த மலைக்கெல்லாம் எதற்கு சார் எலெக்ஷன்? படித்த, துடிப்பான ஆபீசர் ஒருவரைக் கொண்டு வந்து உட்கார வைத்து, பணத்தையும் அதிகாரத்தையும் கையில் கொடுத்தால் ஐந்து வருஷத்தில் சொர்க்கமாக்கிவிடுவார். அமெரிக்காவில் பல ஊர்களில் அப்படித்தான். மேயர் சும்மா ரிப்பன் வெட்டுவார். நிர்வாகம் முழுக்க மானேஜர் கையில். நம் ஆட்களுக்குத்தான் இது புரிவதில்லை."

நான் பதில் சொல்வதற்கு முன்னால், எதிர் சீட்டில் ஒரு மூட்டையை முழங்காலோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் பேசினார். மலைக்காரர். எங்கள் பேச்சைக் காதில் வாங்கிக்கொண்டே வந்திருக்கிறார்.

"இப்ப ஆபீசருதாங்க பாத்துக்கிறாரு. நல்ல மனுசரு. வந்தா மரியாதையாத்தான் பேசறாரு. ஆனா ஐயா, முன்னெல்லாம் தண்ணி வரலைன்னா தலைவரு வூட்டுத் திண்ணையில போயி குந்திக்குவோம். அவரு திருடரோ யோக்கியரோ, சாயங்காலம் வூட்டுக்கு வந்துதானே ஆகணும்? இப்ப யாரு திண்ணையில போயி குந்தறது?"

நண்பர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அரசியல் சாஸ்திரத்தில் தடிமனான புஸ்தகங்கள் சொல்லுகிற விஷயத்தை அந்தப் பெரியவர் ஒரு திண்ணையை வைத்துச் சொல்லி முடித்துவிட்டார். ஆனாலும் நண்பரைப் போல எண்ணுகிறவர்கள் நம்மில் நிறையப் பேர் இருக்கிறார்கள். மாதச் சம்பளம் வாங்கி, பத்திரிகை படித்து, தேர்தல் அன்று க்யூவில் நிற்கச் சலித்துக்கொள்ளும் நாம்தான் அவர்கள். ஒரு மழை நாளில், என் தெருச் சாக்கடை வீட்டு வாசல்படி வரைக்கும் ஏறி வந்தபோது, "இந்தக் கவுன்சிலர்களையெல்லாம் வீட்டுக்கு அனுப்பிவிட்டு ஒரு கண்டிப்பான கமிஷனரைப் போட்டால் என்ன?" என்று நானும் உரக்கச் சொன்னவன்தான். ஆகையால் இது எனக்கே நான் சொல்லிக்கொள்ளும் பதிலும்கூட.

முதலில் அந்த அமெரிக்க விஷயத்தைப் பார்த்துவிடுவோம். நண்பர் பாதியைச் சரியாகச் சொன்னார். வர்ஜீனியா மாகாணத்தில் ஸ்டான்டன் என்ற சிறிய ஊர் 1908இல் நகர நிர்வாகத்துக்கென்று ஒரு மானேஜரை வேலைக்கு வைத்துக்கொண்டது. 1913இல் ஒஹையோ மாகாணத்தில் டேட்டன் நகரத்தைப் பெருவெள்ளம் சூறையாடியது. அதற்குப் பிறகு அந்தப் பெரிய நகரமும் அதே முறையை ஏற்றுக்கொண்டது. அதைப் பார்த்து நூற்றுக்கணக்கான ஊர்கள் பின்தொடர்ந்தன. கட்சிக்காரர்களின் கொள்ளையைக் கண்டு மனம் வெறுத்தவர்கள் கண்டுபிடித்த வழி அது. அதில் நல்லதும் நிறைய நடந்தது. நான் மறுக்கவில்லை.

நண்பர் சொல்லாமல் விட்ட மற்றப் பாதி இது: அந்த மானேஜரை வேலைக்கு வைப்பது யார்? அந்த ஊர் ஜனங்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த மன்றம். அவர் சரியில்லையென்றால் சீட்டைக் கிழிப்பது யார்? அதே மன்றம். முறையின் உயிர்நாடி அங்கேதான் இருக்கிறது.

நம் ஊர்ப் பாஷையில் சொல்லுகிறேன். பழைய காலத்துப் பெரிய வீடுகளில் காரியஸ்தர் ஒருவர் இருப்பார். நெல் அளப்பது, குத்தகை வசூலிப்பது, கிணறு தூர் வாருவது எல்லாம் அவர் பொறுப்பு. எஜமானுக்கு நிலத்தின் எல்லைகூடத் தெரியாமல் இருக்கலாம். ஆனால் காரியஸ்தர் கணக்கில் பிசகு வந்தால், அவரைக் கூப்பிட்டுக் கேட்கவும், "நாளையிலிருந்து வர வேண்டாம்" என்று சொல்லவும் எஜமானுக்கு முடியும். அமெரிக்க முறை அது. நம்முடைய முறை என்ன? காரியஸ்தரை அனுப்புகிறவர் பட்டணத்தில் இருக்கும் பெரியப்பா. சம்பளத்தை நிர்ணயிப்பவரும் அவர், மாற்றுகிறவரும் அவர். வீட்டுக்காரர் தம் அபிப்பிராயத்தைத் தெரிவிக்கலாம். பெரியப்பாவுக்குக் கடுதாசி எழுதலாம். அவ்வளவுதான். இப்படிப்பட்ட வீட்டில் போய், "காரியஸ்தருக்கு அதிகாரம் போதாது, வீட்டுக்காரரையே வெளியேற்றிவிடலாம்" என்று யோசனை சொன்னால் அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

இது மிகையல்ல. 1919ஆம் வருஷத்துச் சட்டப்படி நடந்து வந்த சென்னைக் கார்ப்பொரேஷனைப் பாருங்கள். மேயருக்கு அங்கியும் சங்கிலியும் உண்டு. நிர்வாக அதிகாரம் கமிஷனரிடம். கமிஷனரை நியமிப்பது மாகாண சர்க்கார். ஜவ்வாது மலையிலும் கதை அதுவேதான். 1958ஆம் வருஷத்துப் பஞ்சாயத்துச் சட்டம் வந்து ஒன்றியங்கள் ஏற்பட்ட காலத்திலிருந்து, ஒன்றியத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட சேர்மன் ஒருவர். ஆணையர் என்ற பெயரில் நிர்வாகத்தைக் கையில் வைத்திருக்கும் பி.டி.ஓ. ஒருவர். அந்த பி.டி.ஓ.வை ஒன்றிய மன்றம் தேர்ந்தெடுப்பதும் இல்லை, நீக்குவதும் இல்லை. ஆகையால் "மானேஜர் முறை வேண்டும்" என்கிறவர்களுக்கு என் முதல் பதில்: மானேஜர் அறுபது வருஷத்துக்கு மேலாக நம்மிடம் இருக்கிறார். இல்லாதது அவருக்கு எஜமானாக இருக்கும் மன்றம்.

அந்த அரைகுறை மன்றமாவது ஒழுங்காக இருந்ததா என்றால் அதுவும் இல்லை. தமிழ்நாட்டில் பஞ்சாயத்துத் தேர்தல் 1970இல் நடந்தது. அடுத்தது 1986இல். அதற்கடுத்தது 1996இல். நடுவில் வருஷக்கணக்காகத் தனி அலுவலர்கள் ஆண்டார்கள். சென்னை நகரத்திலோ, மஸ்டர் ரோல் ஊழல் என்று சொல்லி 1973இல் மன்றத்தைக் கலைத்தார்கள். மறுபடி தேர்தல் வந்தது 1996இல்! கலைத்த வருஷம் பிறந்த குழந்தை பள்ளிக்கூடம் முடித்து, கல்லூரி முடித்து, வேலைக்கும் போயிருக்கும். ஊழல் செய்தவர்களைத் தண்டிக்க வேண்டியதுதான். ஆனால் அவர்கள் செய்த குற்றத்துக்கு நகரத்து ஜனங்களுக்கு 23 வருஷம் தண்டனையா? நண்பர் கனவு காணும் ஆபீசர் ராஜ்யம் அந்த 23 வருஷமும் தலைநகரத்திலேயே நடந்தது. திறமைசாலிகளும் வந்தார்கள். கூவம் மணத்ததா? பின்னால் வந்த மேயர்கள் காலத்திலும் மணக்கவில்லை என்று நீங்கள் சொல்லலாம். வாஸ்தவம். ஆனால் மேயரை அடுத்த தேர்தலில் தோற்கடிக்க முடிந்தது. தனி அலுவலரை எந்தத் தேர்தலில் தோற்கடிப்பது?

1992இல் பார்லிமெண்ட் அரசியல் சட்டத்தையே திருத்தியது. 73ஆவது திருத்தம் என்று பெயர். 1993 ஏப்ரல் 24ஆம் தேதி அமலுக்கு வந்தது. பஞ்சாயத்தின் ஆயுள் ஐந்து வருஷம். அந்த ஐந்து வருஷம் முடிவதற்குள் அடுத்த தேர்தலை முடித்துவிட வேண்டும் என்று அதில் ஸ்பஷ்டமாக எழுதியிருக்கிறது. இனி யாரும் ஏமாற்ற முடியாது என்று நாம் எல்லோரும் நிம்மதிப் பெருமூச்சு விட்டோம்.

பிறகு நடந்ததைக் கேளுங்கள். ஜவ்வாது மலையை உதாரணமாக எடுத்துக்கொள்ள எனக்குக் காரணம் இருக்கிறது.

2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிய இருந்தது. தேர்தலும் அறிவித்தார்கள். பழங்குடி மக்களுக்குச் சட்டப்படி இடம் ஒதுக்கவில்லை என்று ஹைகோர்ட்டுக்கு வழக்குப் போயிற்று. அக்டோபர் 4ஆம் தேதி கோர்ட் அந்த அறிவிப்பை ரத்துச் செய்தது. பழங்குடியினருக்கு நியாயம் கேட்டு எழுந்த வழக்கு அது. ஒதுக்கீட்டைத் திருத்திவிட்டு இரண்டு மாதத்தில் தேர்தல் வைத்திருந்தால் மலைக்காரர்களுக்கு அது வெற்றியாக இருந்திருக்கும். நடந்தது என்ன? மூன்று வருஷத்துக்கு மேல் தமிழ்நாடு முழுவதுமே தனி அலுவலர் ஆட்சி. பழங்குடிக்கு இடம் குறைந்தது என்று ஆரம்பித்த விஷயம், யாருக்குமே இடம் இல்லை என்று முடிந்தது! தேர்ந்தெடுத்த மன்றங்கள் இல்லை என்ற காரணத்தால் நிதிக் குழு மானியமும் டில்லியில் தடைப்பட்டு நின்றது.

இதற்குள் வேலூர் ஜில்லாவை மூன்றாகப் பிரித்தார்கள். 2019 நவம்பரில் திருப்பத்தூர் ஜில்லா பிறந்தது. ஜவ்வாது மலையின் ஒரு பக்கம் திருவண்ணாமலை ஜில்லாவில். புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு இருக்கும் பக்கம் திருப்பத்தூர் ஜில்லாவில். 2019 டிசம்பரில் கிராமப்புறத் தேர்தல் வந்தபோது, புதிதாகப் பிரித்த ஜில்லாக்களில் எல்லை வரையறை முடியவில்லை என்று அவற்றைத் தள்ளி வைத்தார்கள். ஜமுனாமரத்தூர்ப் பக்கத்தார் ஓட்டுப் போட்டார்கள். புதூர்நாட்டுப் பக்கத்தார் 2021 அக்டோபர் வரைக்கும் காத்திருந்தார்கள். 2016 அக்டோபரிலிருந்து 2021 அக்டோபர்: எண்ணிப் பாருங்கள், ஐந்து வருஷம். ஒரு முழுப் பதவிக்காலம் அந்த ஜனங்களுக்கு வரவே இல்லை.

அடுத்து 2025 ஜனவரி 5ஆம் தேதி. ஜமுனாமரத்தூர்ப் பக்கத்து மன்றங்களின் காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் முடிந்திருக்க வேண்டிய தேதி அது. ஆனால் வந்தது தனி அலுவலர்களை நியமிக்கும் சட்டம். அன்றைக்கு மலையின் மறு பக்கத்தில் தேர்ந்தெடுத்த தலைவர்கள் பதவியில் இருந்தார்கள். ஒரே மலை, ஒரே ஜனங்கள். பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் சொந்தக்காரர்கள். ஒரு சரிவில் இருப்பவனுக்கு வீட்டுக்கு வந்து சேரும் தலைவர் உண்டு. மறு சரிவில் இருப்பவனுக்குப் பஸ் ஏறிப் போய்ப் பார்க்க வேண்டிய ஆபீசர்தான் உண்டு. ஒன்றியத்திலுள்ள அத்தனை கிராம ஊராட்சிகளையும் ஒரே பி.டி.ஓ. தலையில் சுமத்தினால் அவர்தான் என்ன செய்வார்? அவரை நான் குறை சொல்லவில்லை, பெரியவரும் சொல்லவில்லை.

"எல்லாம் சரி சார். ஆனால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் யோக்கியதை உங்களுக்குத் தெரியாதா?" என்றார் நண்பர். தெரியும். ஓட்டுக்குப் பணம் கொடுப்பது தெரியும். சில ஊர்களில் தலைவர் பதவியை ஏலம் விட்டதாக வந்த செய்திகளை நானும் படித்திருக்கிறேன். மனைவி தலைவராகக் கையெழுத்துப் போட, புருஷன் நாற்காலியில் உட்கார்ந்து உத்தரவு போடுகிற கூத்தும் தெரியும். இதையெல்லாம் மூடி மறைத்து ஜனநாயகத்துக்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். உத்தியோகஸ்தர்களில் லஞ்சம் வாங்குகிறவர்கள் இல்லையா? அதற்காகத் தாலுக்கா ஆபீஸை மூடிவிடலாம் என்று யாராவது சொன்னோமா? அங்கே ஆளை மாற்றச் சொல்லுகிறோம். இங்கே மட்டும் பதவியையே எடுத்துவிடச் சொல்லுகிறோம். இந்த வித்தியாசம் ஏன்? ஆபீசர் நம்மைப் போல் படித்தவர், நம் பாஷை பேசுகிறவர், நம் வீட்டுப் பிள்ளை. தலைவரோ சாமைக் கொல்லையிலிருந்து வந்தவர். நம் மனத்தின் அடியில் கிடக்கும் காரணம் இதுதானோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது.

நண்பர் லேசானவர் இல்லை. தம் பெரிய அஸ்திரத்தை எடுத்தார். "பாப்பாபட்டி, கீரிப்பட்டி என்ன ஆயிற்று? தாழ்த்தப்பட்டவர்களுக்கு ஒதுக்கிய தலைவர் பதவிக்குப் பத்து வருஷம் தேர்தலே நடத்த விடவில்லையே, உங்கள் ஜனங்கள்? கடைசியில் ஒரு கலெக்டர் வந்துதானே நடத்திக் காட்டினார்?"

நல்ல கேள்வி. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊர்களில் 1996 முதல் ஆதிக்க சாதியார் தேர்தலைத் தடுத்தார்கள். 2006இல், மதுரைக் கலெக்டராக இருந்த உதயச்சந்திரன் காலத்தில் தேர்தல் நடந்தது. ஆனால் அவர் செய்தது என்ன என்று யோசியுங்கள். "இந்த ஊர் ஜனங்கள் லாயக்கில்லாதவர்கள், நானே நிர்வாகம் பண்ணிக்கொள்ளுகிறேன்" என்று சொல்லவில்லை. ஊர் ஊராகப் போய்ப் பேசி, தேர்தலை நடத்தி, தேர்ந்தெடுக்கப்பட்ட தாழ்த்தப்பட்ட மனிதரை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு விலகிக்கொண்டார். நாற்காலியை நிரப்பியதால் அவருக்குப் பெயர் நின்றது. நண்பர் காட்டிய உதாரணம் என் கட்சிக்குத்தான் சாட்சி சொல்லுகிறது.

எதிர் உதாரணமும் அமெரிக்காவிலிருந்தே தருகிறேன். மிச்சிகன் மாகாணத்தில் ஃபிளிண்ட் என்று ஒரு நகரம். கஜானா காலியாகிவிட்டது என்று சொல்லி, 2011இல் மாகாண சர்க்கார் அங்கே அவசர கால மானேஜர் ஒருவரை நியமித்தது. நகர மன்றம் பெயருக்கு இருந்தது. அதிகாரம் மேலிருந்து வந்தவரிடம். நம் தனி அலுவலருக்கு அசல் உடன்பிறப்பு. செலவைக் குறைக்க வேண்டும் என்று 2014 ஏப்ரலில் குடிநீரை ஃபிளிண்ட் ஆற்றிலிருந்து எடுக்க ஆரம்பித்தார்கள். அந்தத் தண்ணீர் குழாயை அரித்து ஈயத்தைக் கரைத்தது. ஜனங்கள் பழுப்பு நிறத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு வந்து காட்டினார்கள். 2015 மார்ச்சில் மன்றம், பழைய தண்ணீருக்கே திரும்ப வேண்டும் என்று ஓட்டெடுத்துச் சொல்லியது. மானேஜர் ஏற்கவில்லை. கணக்குப்படி அது கட்டுபடியாகாது! அந்த வருஷம் அக்டோபரில்தான் பழைய தண்ணீர் திரும்பியது. அதற்குள் குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் ஏறிவிட்டது. அந்த மானேஜர் கெட்ட மனிதராக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. அவர் பதில் சொல்ல வேண்டியது கவர்னருக்கு. குழாயைத் திறந்தவர்களுக்கு அல்ல. விஷயம் அவ்வளவே.

சரி, என்னதான் செய்யச் சொல்லுகிறாய் என்று நீங்கள் கேட்பது நியாயம். மானேஜர் வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. மலைக்கு மானேஜர் கட்டாயம் வேண்டும். சாலை போடுவதற்கும் கணக்கு எழுதுவதற்கும் பயிற்சி உள்ள ஆள் வேண்டும். நண்பர் கேட்ட முறையை முழுசாகவே கொண்டு வாருங்கள் என்கிறேன்.

தேர்தலை உரிய நாளில் நடத்துங்கள். எல்லை வரையறையோ ஒதுக்கீடோ, அந்த வேலைகளை ஐந்தாவது வருஷம் முடிந்த பிறகு ஆரம்பிக்காமல் நாலாவது வருஷத்திலேயே முடியுங்கள். சர்க்கார் தகுதியுள்ள நாலைந்து உத்தியோகஸ்தர்களின் பெயரைக் கொடுக்கட்டும். அதில் ஒருவரை மலை மன்றம் பொறுக்கி எடுக்கட்டும். அவர் மலையிலேயே குடியிருக்கட்டும். மூன்று வருஷமாவது இருக்கட்டும். மன்றத்தில் மூன்றில் இரண்டு பங்குப் பேர் காரணத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டால், அவரைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சர்க்கார் கடமைப்பட்டிருக்கட்டும். திருப்பத்தூர்ப் பக்கத்து மூன்று நாடுகளும் சமவெளி ஊராட்சிகளோடு ஒரே ஒன்றியத்தில் சேர்ந்து, மன்றத்தில் எப்போதும் சிறுபான்மையாகவே உட்கார வேண்டியிருக்கிறது. அவர்களுக்குத் தனி மன்றம் கொடுங்கள். வடக்கே சில மாகாணங்களில் பழங்குடிப் பிரதேசங்களுக்கு 1996இல் வந்த பஞ்சாயத்து விரிவாக்கச் சட்டம் கிராம சபைக்குத் தனி அதிகாரம் தருகிறது. தமிழ்நாட்டில் அட்டவணைப் பகுதி என்று எதையும் அறிவிக்காததால் அது நம் மலைகளுக்கு எட்டவில்லை. அந்தப் பாதுகாப்பும் இல்லாதவர்களிடமிருந்து, இருக்கிற ஓட்டையும் வாங்கி வைத்துக்கொள்வது என்ன நியாயம்?

மலைக்காரர்களுக்கு நிர்வாகம் தெரியாது என்கிறார்கள். சர்க்கார் என்ற சொல் மலை ஏறுவதற்கு வெகு காலம் முன்பே அவர்களிடம் ஊர்க்கவுண்டர் இருந்தார், நாட்டார் இருந்தார், கூடிப் பேசி வழக்குத் தீர்த்துக்கொள்ளும் ஏற்பாடு இருந்தது. அதிலும் குறைகள் உண்டு. பெண்களுக்கு அதில் இடம் இருந்ததா என்று நான் கேட்பேன். ஆனால் மன்றம் என்றால் என்ன என்று அவர்களுக்கு நாம் போய்ப் பாடம் நடத்த வேண்டியதில்லை.

ஜமுனாமரத்தூரில் இறங்கினோம். பெரியவரும் மூட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு இறங்கினார். நண்பர் அவரிடம், "ஏன் பெரியவரே, அடுத்த எலெக்ஷனில் நீங்களே நிற்பதுதானே?" என்றார், பாதி வேடிக்கையாக.

"நானு எதுக்குங்க? எம் பேத்தி டிகிரி படிச்சிருக்குது. அது நிக்குதுன்னு சொல்லுது" என்றார் அவர், சாவதானமாக. "எலெக்சன் எப்பன்னு மட்டும் யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க."

நண்பர் வாயைத் திறக்கவில்லை. கடைத்தெருவைத் தாண்டி டீக்கடைக்குப் போய்ச் சேரும் வரைக்கும் அவர் ஒன்றும் பேசவில்லை. டீயைக் கையில் வாங்கிக்கொண்ட பிறகு, "அந்தப் பெண் நின்றால் ஜெயிக்குமா?" என்று கேட்டார். ஜெயிக்கலாம், தோற்கலாம், எனக்குத் தெரியாது. தேர்தல் வைத்துப் பார்த்தால்தானே தெரியும் என்று சொன்னேன்.